ரோபோ எங்கே போச்சு? – டேப் லைப்ரரி கேள்வி-பதில்

கேள்வி: சர்வரில் நான்கு டிரைவும் தெரிகின்றன, டேப்பை எடுத்து மாற்றும் ரோபோ மட்டும் இல்லை. ஸ்விட்சிலும் அதற்கென்று போர்ட் காணோம்.

பதில்: இருக்காது. பெரும்பாலான லைப்ரரிகளில் ரோபோ ஏதாவது ஒரு டிரைவின் முதுகில் ஏறித்தான் வரும். ஒரே முகவரிக்குள் டிரைவ் லன் (உள் எண்) 0, ரோபோ லன் 1. எந்த டிரைவுக்கு கன்ட்ரோல் பாத் (ரோபோவுக்குக் கட்டளை போகும் வழி) கொடுத்திருக்கிறது என்று லைப்ரரியில் பாருங்கள். எதற்குமே கொடுத்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: எல்டிஓ-9 (எல்டிஓ டேப் வகையின் 9-ஆம் தலைமுறை) டிரைவில் எல்டிஓ-7 டேப்பைப் படிக்கலாமா?

பதில்: முடியாது. 8, 9 மட்டும்தான்.

கேள்வி: இரண்டு சர்வர்கள், ஒரே லைப்ரரி. ராத்திரி பேக்கப் பாதியில் நிற்கிறது. செட்டிங் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: சரியாக இருந்தால் எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்? எத்தனை ஜோன் (எது எதைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் பிரிக்கும் குழு), லாகில் என்ன பிழை, ஒன்றும் சொல்லவில்லை. நானே ஊகிக்கிறேன்: சர்வர், டிஸ்க், டேப் எல்லாவற்றையும் ஒரே ஜோனில் கொட்டியிருக்கிறீர்கள். டிஸ்க் இதைப் பொறுத்துக்கொள்ளும், இடையில் ரீசெட் வந்தாலும் விட்ட பிளாக்கை மறுபடி எழுதிவிடலாம். டேப்புக்கு அது நிற்கும் இடம்தான் உயிர். பக்கத்து சர்வர் ரீசெட் அனுப்பினால் உங்கள் வேலை செத்துப்போகும். அதுகூடப் பரவாயில்லை. ரிசர்வேஷன் (வேறு சர்வர் தொடாதபடி பிடித்துவைக்கும் பூட்டு) போடாத டிரைவை இன்னொருவர் ரீவைண்ட் செய்தால், அதை அறியாத உங்கள் சர்வர் டேப்பின் தலையிலிருந்து எழுத ஆரம்பிக்கும். பழைய டேட்டா அவ்வளவுதான். ஓர் இடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிரைவ் நலம் விசாரிக்கும் ஒரு ஸ்கிரிப்ட் இந்த வேலையைச் செய்ததை நானே பார்த்தேன். லினக்ஸில் டேப் டிரைவை எஸ்டி0 (st0) என்ற பெயரில் திறந்து மூடினாலே டேப் ரீவைண்ட் ஆகும், அதே டிரைவின் இன்னொரு பெயரான என்எஸ்டி0 (nst0) அப்படிச் செய்யாது. இதை எத்தனை முறைதான் எழுதுவது! ஒரு ஜோனில் ஒரே ஒரு சர்வர் போர்ட், அதற்கு வேண்டிய டிரைவ்கள், அவ்வளவே. டிஸ்க்குக்கு வேறு எச்பிஏ (சர்வரை ஸ்விட்சோடு இணைக்கும் அட்டை). பேக்கப் மென்பொருளில் ரிசர்வேஷனை அணைத்து வைக்காதீர்கள்.

கேள்வி: ரீபூட் ஆனால் டிரைவ் பெயர்கள் இடம் மாறுகின்றனவே?

பதில்: எஸ்டி0, எஸ்டி1 என்பதெல்லாம் கண்ணில் பட்ட வரிசை. டெவ்/டேப்/பை-ஐடி (/dev/tape/by-id) அடியில் சீரியல் நம்பரோடு நிலையான பெயர் இருக்கும், அதைக் கொடுங்கள். ஜோனையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: புது எல்டிஓ-9 டேப் போட்டு ஒரு மணி நேரமாகிறது, ஒரு பைட் எழுதவில்லை. டிரைவ் பழுதா?

பதில்: இல்லை. புது டேப்பை முதல்முறை போடும்போது கேலிபரேஷன் (டிரைவ் அந்த டேப்பை அளந்து தன்னைச் சரிசெய்துகொள்வது) நடக்கும், 2 மணி நேரம் வரைகூட ஆகலாம். பவரை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்.