போர்ட்டோ சாண்டோ: பிக்கோ பிராங்கோ ஏறப் போறீங்களா?

அட்லாண்டிக் கடலில், போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடைராத் தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தீவு போர்ட்டோ சாண்டோ. அங்கே கடலோரமாக மலையேறி, பிக்கோ பிராங்கோ சிகரத்துக்கும் டெர்ரா ஷா என்ற இடத்துக்கும் போகும் நடைபாதையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அக்கா, 450 மீட்டர் உயரம்தானே? செருப்பிலேயே போயிடலாமா?

வேண்டாம். பாறைச் சரிவைக் குடைந்து வளைந்து வளைந்து போகிற பாதை. கீழே நேராகக் கடல். உதிரிக் கல்லும் புழுதியும் காலை வாரும், அதுவும் இறங்கும்போது அதிகம். பிடிப்புள்ள ஷூ போதும், மலையேறும் பூட்ஸ் எல்லாம் தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு 3 கி.மீ.கூட வராது. நின்று பார்த்துப் போய்வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் தண்ணீர் கிடைக்குமா?

சொட்டுக்கூடக் கிடையாது. கடையும் இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டு. ஊருக்குள் குழாயில் வருவதே கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர்தான் என்றால் நிலைமை புரியும்.

மடைரா அவ்வளவு பச்சையாக இருக்கும்போது இது மட்டும் ஏன் காய்ந்து கிடக்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று ஈரத்தோடுதான் வருகிறது. மடைராவின் மலைகள் 1862 மீட்டர் வரை எழும்புவதால் காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, மேகமாகி, மழையாகக் கொட்டுகிறது. இங்கே இருப்பதில் உயரமான பிக்கோ டோ ஃபாஷோவே 517 மீட்டர்தான். மேகம் பெரும்பாலும் தலைக்கு மேலேயே கடந்து போய்விடும். ஆண்டு மழை 400 மி.மீ.கூடத் தேறாது.

ஆனால் பழியை மழை மேல் மட்டும் போட முடியாது. 15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் குடியேறியபோது, அவர்களில் ஒருவரான பார்த்தொலொமேயு பெரெஸ்த்ரெலோ ஒரு சினை முயலைக் கொண்டுவந்தார். கப்பலிலேயே அது குட்டி போட்டது. எல்லாவற்றையும் தீவில் விட்டார்கள். விதைத்ததை எல்லாம் முயல் கூட்டம் தின்று தீர்த்ததில், குடியேறியவர்கள் கொஞ்ச காலம் தீவையே விட்டுப் போகவேண்டி வந்ததாக அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. (இவருடைய மகள் ஃபிலிப்பாவைத்தான் பின்னாளில் கொலம்பஸ் மணந்தார்.) டிராகன் மரங்களையும் மனிதர்கள் வெட்டித் தீர்த்தார்கள். இப்போது மலைச்சரிவுகளில் தெரியும் பைனும் சைப்ரஸும் மண் அரிப்பைத் தடுக்க மனிதர் நட்டவை.

மேடம், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவது?

ஒன்று சிகரத்துக்கு, இன்னொன்று டெர்ரா ஷாவுக்கு. பலகை இருக்கும். முதலில் சிகரம், அப்புறம் டெர்ரா ஷா என்பது என் யோசனை. காலையில் கண் கூசாமல் பார்க்கலாம், ஏற்றமும் முதலிலேயே முடிந்துவிடும். கால் வலித்தால் டெர்ரா ஷாவை விட்டுவிடலாம், ஆனால் சிகரத்தை விட்டால் வந்ததற்கே அர்த்தமில்லை.

உயரம் என்றால் எனக்குத் தலைசுற்றும். வரலாமா?

கயிறு பிடித்து ஏறும் இடம் எதுவுமில்லை. ஆனாலும் ஒரு பக்கம் திறந்த சரிவு என்பதால், பால்கனியில் நிற்கவே பயப்படுகிறவர் என்றால் வேண்டாம். அவர்களுக்கு பிக்கோ காஸ்டெலோ இருக்கிறது: 437 மீட்டர், மரநிழல், அகலமான வழி. காற்று பலமாக வீசும் நாளில் யாராக இருந்தாலும் பிக்கோ பிராங்கோவைத் தள்ளிப்போடுங்கள். தொப்பிக்குத் தாடைக்கயிறு அவசியம்.

எந்த மாதம் நல்லது?

மார்ச் முதல் மே வரை. புல் கொஞ்சம் பச்சையாக இருக்கும், பூவும் உண்டு. ஆகஸ்டில் போவதென்றால் விடிந்ததும் கிளம்புங்கள். காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் உறைக்காது, சாயங்காலம்தான் கழுத்து எரியும்.

கார் இல்லை. எப்படிப் போவது?

தீவின் ஊரான விலா பலெய்ராவிலிருந்து டாக்சி. திரும்பக் கூட்டிப்போக வரும் நேரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள், அங்கே நின்று வண்டி பிடிக்க முடியாது.

மடைராவின் தலைநகர் ஃபுன்ஷாலில் இருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா அக்கா?

கப்பலுக்கு ஒரு பக்கம் இரண்டேகால் மணி நேரத்துக்குமேல் ஆகும். காலையில் வந்து மாலையில் திரும்பலாம், ஆனால் ஏறும் நேரம் சரியாக உச்சி வெயிலில் விழும். ஓர் இரவு தங்குங்கள். 9 கி.மீ. மணற்கரையைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் கேட்பார்கள். ஜனவரி வாக்கில் பராமரிப்புக்காகக் கப்பல் நிற்பது வழக்கம், அதனால் டிக்கெட் உறுதியான பிறகே அறை போடுங்கள்.