நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொன்னார். சிகிச்சைக்குப் பிறகு காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது, நன்றாகத் தூங்குகிறான். ஆனால் உறவினர்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பதால் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்கிறார் என் கணவர். தனியாகச் சமாளிக்க முடியவில்லை. யாரிடம் போய் உதவி கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, ஊர் முழுக்கச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் ஒருவரிடமும் சொல்லாமல் இந்தப் பாரத்தைப் பல ஆண்டுகள் சுமப்பதும் நடக்கிற காரியம் இல்லை. நோயை மறைக்கும் வீடுகளில் மாத்திரை அட்டைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விடுகின்றன; மருத்துவமனைக்குப் போகிற நாளில் பக்கத்து வீட்டாரிடம் பல்வலி என்று சொல்லப்படுகிறது; விருந்தாளி வந்தால் பிள்ளை உள்ளறைக்கு அனுப்பப்படுகிறான். ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை விரைவில் விட்டுப்போகிறது, மாத்திரை விட்டுப்போனால் நோய் திரும்புகிறது, திரும்பும்போது எதை மறைத்தோமோ அது எப்படியும் தெருவுக்கு வந்துவிடுகிறது. எனவே யாரிடம், எந்த உதவிக்காகச் சொல்வது என்று யோசியுங்கள்.

முதலில் உங்கள் மகனிடமே கேளுங்கள். நோய் அவருடையது, யாருக்குத் தெரியலாம் என்பதில் அவருடைய சொல்லுக்குத்தான் முதலிடம். அவர் சம்மதிக்கும் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, "இவனுக்கு ஒரு நோய் வந்தது, மருந்து சாப்பிடுகிறான், தேறி வருகிறான், அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போகும்போது நீங்கள் கூட வந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்" என்று நேராகச் சொல்லுங்கள். விலகி நிற்கும் உறவினர்களில் பலர் வெறுப்பினால் விலகுவதில்லை. வந்தால் என்ன பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல்தான் விலகுகிறார்கள். அவர்களிடம் ஆதரவு கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். புறநோயாளிகள் வரிசையில் சீட்டு வாங்கித் தருவது, மாலையில் அவரோடு டீக்கடை வரை நடந்து வருவது, நீங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரும் வரை வீட்டில் இருப்பது என்று வேலையாகக் கேட்டால் செய்வார்கள்.

அவர்களுக்கு ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாக விளக்குங்கள். மருந்தினால் குரல்கள் அடங்கிய பிறகும் பலருக்கு எதிலும் நாட்டமின்மையும் மந்தமும் நீடிக்கும். இவற்றில் நோயின் பங்கும் உண்டு, சில மருந்துகளின் பங்கும் உண்டு. இது சோம்பேறித்தனம் அல்ல. "தடிமாடு மாதிரி படுத்துக் கிடக்கிறான்" என்று மாமா ஒருவர் தினமும் குத்திக்காட்டுவது வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை. ஓயாத குறைகூறல் உள்ள வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன.

மகளின் திருமணத்தைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. மனச்சிதைவு பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. நோயுள்ளவரின் உடன்பிறந்தவர்களில் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு அது கூடுகிறது. அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. இந்தக் கணக்கோடு, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்களே சொல்லிவிடுவது மகளுக்குப் பாதுகாப்பு. பிற்பாடு வேறு யார் வாயிலாகவோ தெரியவந்தால் பழி முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகும்போது, இதே நிலையில் உள்ள வேறு குடும்பங்களைச் சந்திக்க வழி உண்டா என்று கேளுங்கள். அதே பாதையில் நடந்து வந்த இன்னொரு தாயிடம் பேசுவதில் கிடைக்கிற தைரியத்தை எங்களைப் போன்றவர்களால் தர முடியாது.

கேள்வி: என் தம்பி மனைவிக்கு மனநோய். மருத்துவரிடம் போகாமல் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று என் அம்மா பிடிவாதமாக இருக்கிறார். எப்படித் தடுப்பது?
– வாசகர், சிவகங்கை

பதில்: பிரார்த்தனையைத் தடுக்க வேண்டாம், பிரார்த்தனையோடு மருந்தும் நிற்காமல் தொடரட்டும். தாயாரின் நம்பிக்கையைப் பழித்துப் பேசினால் அவர் உங்களுக்கு எதிரணியில் போய் நின்றுவிடுவார். வீட்டில் அந்தப் பெண்ணுக்குப் பரிந்து பேசக்கூடிய ஒருவரை நீங்கள் இழப்பீர்கள். ஆனால் கட்டிவைப்பது என்ற பேச்சு எழுந்தால் அங்கே உறுதியாக நில்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுவந்து விட்டது சொந்தக் குடும்பம்தான். வேறு வழி சொல்ல ஆளில்லாத குடும்பங்கள் அவை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, எந்த வடிவிலும் எந்த முறையிலும் சங்கிலியால் பிணைப்பதை அடியோடு தடை செய்கிறது. இதைத் தாயாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மனஅழுத்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் அரசுப் பணி போய்விடுமா? மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: சிகிச்சை எடுத்தது என்ற ஒரே காரணத்துக்காக உங்களைப் புத்தி சுவாதீனம் அற்றவர் என்று யாரும் கருத முடியாது, 2017 சட்டத்தின் 3ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நோய் ஊனமாக மாறும் அளவுக்குப் போனால்கூட, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் அந்த நிலைக்கு ஆளான அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. உடல் நோய்க்குரிய அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் சட்டம்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்து இளைஞர் மன்றம் சார்பில் அக்டோபர் 10, உலக மனநல நாளன்று பேரணியும் சிறப்புரையும் நடத்தலாம் என்று இருக்கிறோம். இதனால் பயன் உண்டா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் எண்ணம் மிகவும் நல்லது, பேரணியோடு நின்றுவிட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். மனநோய் பற்றிய அவப்பெயரையும் ஒதுக்கலையும் ஒழிப்பது குறித்து லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், நோயை அனுபவித்தவர்களும் மற்றவர்களும் நேரில் பழகுவதே மிகச் சிறந்த வழி என்று கூறியிருக்கிறது. எனவே மருத்துவரின் உரையைச் சுருக்கிக்கொண்டு, நோயிலிருந்து தேறிய ஒருவரைப் பேச அழையுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுக்கவோ வெளியிடவோ வேண்டாம். மற்றப் பேச்சாளர்களுக்குச் செய்யும் அதே மரியாதையும் பயணச் செலவும் அவருக்கும் உண்டு. அவர் அழுது கதை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தன் தொழிலைப் பற்றிப் பேசினாலும் போதும். ஒருநாள் கூட்டத்தை விட, உங்கள் கிரிக்கெட் அணியிலும் திருவிழா வேலையிலும் அப்படிப்பட்ட ஒருவருக்கு ஆண்டு முழுவதும் இடம் இருப்பது பெரிது.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை பெறாதோர் பங்கு நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் பேருந்துக் கட்டணமும், துணைக்கு வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலியும் இலவசம் அல்ல. பேனருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இதற்கு எடுத்து வையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலும் இலவசமாகப் பேசக்கூடிய, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416ஐ ரேஷன் கடைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். எந்தெந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று பட்டியல் மட்டும் எடுக்க வேண்டாம். நம்பிக்கையோடு அணுகக்கூடிய ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மன்றத்தில் யார் யார் என்பதை ஊருக்குத் தெரிவித்துவிட்டால், உதவி வேண்டுபவர்கள் தாமே வந்து கேட்பார்கள்.