கவர் லெட்டரை யாராவது படிக்கிறார்களா? வேலை கிடைக்கிற மாதிரி அதை எழுதுவது எப்படி?

படிக்கிறார்கள். எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் படிக்கிறார்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ரெஸ்யூமை அனுப்பி அனுப்பி அலுத்துப்போய், ‘கவர் லெட்டர் கட்டாயம்’ என்று எங்கோ பார்த்துக் கடுப்பில் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இணையத்தில் எடுத்த டெம்ப்ளேட் ஒன்றும் கைவசம் இருக்கும். அதை அப்படியே மூடிவிடுங்கள்.

நான் எச்.ஆர். ஆள் இல்லை, வேலைவாய்ப்பு ஆலோசகரும் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதும் வேலைக்கு மாறியவன். அந்த மாற்றத்துக்கு என் ரெஸ்யூம் ஒரு துளிகூட உதவவில்லை. கவர் லெட்டர்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனது. ‘எல்லாம் உனக்கு அடித்த அதிர்ஷ்டம்’ என்று என் மைத்துனர் இன்றைக்கும் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நடந்தது இதுதான். அனுபவம் உள்ளவர்கள் தேவை என்று விளம்பரத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். என் ரெஸ்யூமில் இருந்ததோ வகுப்பு, வினாத்தாள், தேர்ச்சி விகிதம். யார் எடுத்துப் பார்த்தாலும் ‘வாத்தியாருக்கு இங்கே என்ன வேலை?’ என்றுதான் முதலில் தோன்றும். அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலாகவே கடிதத்தை எழுத முடிவு செய்தேன். அவர்கள் விற்றது பில் போடும் மென்பொருள். இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் வசதி இருந்தது. இறக்கி, அவர்களுடைய கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்துபார்த்தேன். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் இப்படி எழுதினேன்:

“உங்கள் கையேட்டில் ‘புதிய பில்’ பகுதியின் மூன்றாம் படியில் பில்லைச் சேமிக்கச் சொல்கிறீர்கள், ஐந்தாம் படியில் வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். ஆனால் சேமித்த பிறகு வரிக்கான கட்டம் திறப்பதில்லை. புதிதாகக் கற்பவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்று கவனிப்பது வகுப்பறையில் என் அன்றாட வேலை. அந்தப் பகுதியைத் திருத்தி எழுதிக் கீழே சேர்த்திருக்கிறேன்.”

அவ்வளவுதான் முக்கியமான பத்தி. இன்டர்வியூவில் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

உடனே ‘போகிற இடத்திலெல்லாம் குற்றம் கண்டுபிடித்து எழுதச் சொல்கிறாயா?’ என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை ஐயா. நீங்கள் செய்ததை ரெஸ்யூம் சொல்லிவிடும். அதைப் படித்தவருக்கு உங்கள் மேல் ஒரு சந்தேகம் வரும், பாருங்கள், அதற்குக் கடிதம் பதில் சொல்ல வேண்டும். இடையில் வேலை இல்லாத காலம், துறை மாற்றம், அடிக்கடி மாறிய கம்பெனிகள், தேவைக்கு மேல் படிப்பு, ஃப்ரெஷர் என்ற முத்திரை என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியும். அதை இரண்டு மூன்று வரியில் நேராகச் சொல்லி, கையோடு ஒரு சான்றையும் வையுங்கள். பெற்றோரைக் கவனிக்க வேலையை விட்டிருந்தால், ஏன் விட்டீர்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது, இடையில் எதைத் தொடர்ந்து செய்துவந்தீர்கள் என்பது போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அதே துறையில் அதே வேலைக்குத்தான் போகிறீர்கள் என்றால் நான்கு வரியே தாராளம்.

படிப்பவரின் தேவையிலிருந்து தொடங்குவது ஒன்றும் புதிய உத்தி இல்லை. 1482 வாக்கில், மிலானின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு லியனார்டோ டா வின்சி வேலை கேட்டு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. (இப்போது இருக்கும் பிரதி அவர் கையெழுத்தில் இல்லை. அதைச் சொல்லிச் சண்டைக்கு வர வேண்டாம்.) எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசை எண் போட்டு அடுக்குகிறார். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. ஆட்சியாளருக்கு அப்போதைய கவலை போர். கூடவே, அவருடைய தந்தையின் நினைவாக ஒரு வெண்கலக் குதிரை செய்யலாம் என்றும் எழுதுகிறார். சந்தேகம் இருந்தால் நீங்கள் சொல்லும் இடத்தில் செய்துகாட்டுகிறேன் என்று முடிக்கிறார். எதிராளியை இதைவிட நன்றாகப் படித்துவிட்டு யார் எழுத முடியும்?

அப்புறம் நான் மறுபக்கம் உட்கார்ந்து, வந்த கடிதங்களைப் படிக்கும் நிலையும் வந்தது. ‘தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்’, ‘நான் ஒரு கடின உழைப்பாளி’ என்று தொடங்குபவற்றில் கண் நிற்காது. வேறொரு கம்பெனியின் பெயரோடு வருபவையும் உண்டு. இப்போது சாட்ஜிபிடி வந்த பிறகு எல்லாக் கடிதமும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. பிழை திருத்த அதைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஆனால் மேலே சொன்ன சந்தேகமும் சான்றும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். விண்ணப்பங்கள் குவியும் பெரிய நிறுவனங்களில் மென்பொருளே முதலில் வடிகட்டிவிடும், உங்கள் கடிதம் மனிதக் கண்ணுக்குப் போகாமலே போகலாம். சின்ன அணிகளில் உங்கள் மேலாளராக வரப்போகிறவரே படிப்பார். உழைப்பை அங்கே போடுங்கள்.

இதையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ரெஸ்யூமைப் பதிவேற்றச் சொல்லிவிட்டு, அதே விவரத்தைக் கட்டம் கட்டமாக மறுபடி தட்டச்சு செய்ய வைக்கிறார்களே, அதுகூடப் பரவாயில்லை. ‘மாதிரி வேலை’ என்று சொல்லி முழு வேலையையும் காசில்லாமல் வாங்கிக்கொள்வதுதான் அநியாயம். ஒரு நிறுவனத்துக்கு உதவிப் பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. பக்கங்கள் மட்டும் அவர்கள் தளத்தில் வந்தன. ஒரு பக்கத்துக்கு மேல் கேட்டால் கூலி கேளுங்கள். நானே வலியப் போய்த் திருத்திக் கொடுத்தவன்தானே என்று கேட்பீர்கள். ஒரு பத்தியை நானாகக் கொடுப்பது வேறு, ஒரு மாத வேலையைப் பிடுங்குவது வேறு.

சரி, கடிதத்துக்கு வருவோம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மெயிலில் அனுப்புவதானால், தனியாக இணைக்கச் சொல்லாதவரை மெயிலிலேயே எழுதிவிடுங்கள். தலைப்பு வரியில் பதவியின் பெயரும், விளம்பரத்தில் குறியீட்டு எண் இருந்தால் அதுவும் வரட்டும். சம்பளத்தைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கடைசியில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, எப்போது சேர முடியும், தொலைபேசி எண், பெயர். ‘இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள’ என்று போட்டாலும் போடாவிட்டாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.