நாவலின் முதல் வரைவை எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

நாவலின் முதல் வரைவை முடித்துவிட்டீர்கள், ஆனால் திருத்த உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்தையே தாண்ட முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் அத்தியாயத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். கதை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியாத நாட்களில் எழுதியது அது. முழுக்கதையும் கையில் வந்த பிறகு அதில் பாதி தேவைப்படாமல் போகலாம். நீக்கப்போகிற பக்கங்களில் வாக்கியம் செதுக்குவது வீண் வேலை. அதைவிடத் தொல்லை, செதுக்கி முடித்த பிறகு வெட்ட மனசு வராது. பெரிய கோளாறுகளை முதலில் பார்க்க வேண்டும், வாக்கியம் கடைசியில்.

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். தாராவிக்குப் பிழைக்க வந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தின் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மில் வேலைநிறுத்தம் தொடங்கிய 1982இல் ஆரம்பித்து 2005 வெள்ளத்தில் முடிகிறது. வேலை இன்னும் முடியவில்லை, அதனால் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டில் காட்சிப் பட்டியல் போடுங்கள். காட்சிக்கு ஒரு வரி போதும். எங்கே, எந்த வருஷம், யார் யார், முடியும்போது என்ன மாறியிருக்கிறது. ‘என்ன மாறியிருக்கிறது’ என்ற இடத்தில் எழுத ஒன்றும் கிடைக்காத காட்சிகளில்தான் கத்தி வைக்க வேண்டும். பெரும்பாலும் நீங்கள் ரசித்து எழுதியவையாகவே அவை இருக்கும். என் வரைவில் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஆச்சி வாழைப்பூவுக்குப் பேரம் பேசுகிற நீண்ட காட்சி ஒன்று இருந்தது. கதைக்கு அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. வெட்டியதை அழிக்காமல் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். திரும்ப எடுக்கப்போவதில்லைதான், ஆனால் அப்போதுதான் கை துணியும்.

பட்டியலில் வருஷம் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பம்பாய் மும்பையானது 1995இல். விக்டோரியா டெர்மினஸ் என்ற வி.டி. ஸ்டேஷன் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ், அதாவது சி.எஸ்.டி. ஆனது 1996இல். இதெல்லாம் எளிதாகச் சரிசெய்துவிடலாம். ஆனால் 1993 ஜனவரிக் கலவரத்தில் தம்பியைத் தேடி ஓடுகிற அண்ணனின் சட்டைப்பையில் மொபைல் இருக்க முடியாது. இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பே 1995 ஜூலையில்தான். அவன் எஸ்.டி.டி. பூத்தைத் தேட வேண்டும், அது மூடியிருக்க வேண்டும், தெருமுனை மளிகைக் கடைக்காரரின் போனுக்காகக் கெஞ்ச வேண்டும். தேதியைச் சரிபார்க்கப் போனால் சில சமயம் இப்படி ஒரு காட்சியே கிடைக்கும்.

தேடிச் சேர்த்த தகவல் எல்லாவற்றையும் கொட்டுவது வேறு வியாதி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆற்றுத் தண்ணீர் இடுப்புக்கு ஏற, தலையில் குழந்தையோடு நிற்பவனுக்கு 944 தெரியுமா? மறுநாள் யாராவது பேப்பரைப் படித்துச் சொன்னால் தெரியும். அந்த எண் அங்கே வரட்டும், அல்லது வராமலே போகட்டும்.

அப்புறம், தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல். அவன், அவர். என் கதையில் எட்டு வயதில் ரயிலிலிருந்து இறங்குகிற பையன் சந்தேகமில்லாமல் ‘அவன்’. 2005இல் அவனுக்கு முப்பத்தொன்று, ஒரு குழந்தைக்கு அப்பா. கதைசொல்லி எப்போது ‘அவர்’ என்று மாற்றிக்கொள்வது, அல்லது கடைசிவரை மாற்றாமலே இருப்பதா? அவனுடைய அப்பா இன்னும் சிக்கல். மகன் கண் வழியாகச் சொல்லும் அத்தியாயத்தில் அவர் ‘அவர்’, ஆச்சி கண் வழியாகச் சொல்லும் அத்தியாயத்தில் அதே மனிதர் ‘அவன்’. அவளுக்குப் பிள்ளைதானே. இது குழப்பமில்லை, யார் பார்க்கிறார்கள் என்று வாசகருக்கு ஒரே எழுத்தில் காட்டும் வசதி. ஆனால் முதல் வரைவில் பாதி அத்தியாயத்தில் பார்வை நழுவியிருக்கும். வந்தான், வந்தார், நின்றான், நின்றார் என்று வினைமுற்று ஒவ்வொன்றையும் கையால்தான் பார்த்தாக வேண்டும், குறுக்குவழி கிடையாது.

இன்னொன்றும் அங்கே தெரியவரும். வேகமாக எழுதும்போது கை தானாக மரியாதை பிரித்துக் கொடுத்திருக்கும். தோல் பட்டறை முதலாளிக்கு ‘அவர்’, சாக்கடை அள்ள வருகிறவருக்கு ‘அவன்’. பாத்திரம் அப்படி நினைத்தால் அது பாத்திரத்தின் குணம். கதைசொல்லியே அப்படிச் சொன்னால் அது எழுதியவரின் குணம். திருத்தத்தில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது என்பேன்.

வசனத்தை அத்தியாய வரிசையில் திருத்தாதீர்கள். ஒரு பாத்திரத்தை எடுத்து, நாவல் முழுக்க அந்த ஆள் பேசுவதை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். ஆச்சி ‘ஏலே’ என்பாள், மருமகளின் அண்ணன் ‘என்னவே’ என்பார். தாராவியிலேயே பிறந்த கடைக்குட்டி ‘வே’ போட மாட்டான். வீட்டில் தமிழ் பேசினாலும் நடுவே ‘டென்ஷன் லேனேகா நை’ என்று வந்து விழும். முதல் வரைவில் எல்லாரும் ஒரே குரலில், அதாவது உங்கள் குரலில், பேசியிருப்பார்கள். இந்திக்கு அடைப்புக்குறியில் பொருள் போடாதீர்கள், அடுத்தவர் சொல்லும் பதிலிலேயே புரிந்துவிட வேண்டும்.

பாத்திரத்தின் பெயரை மாற்ற நினைத்தால் ஓர் எச்சரிக்கை. ‘செல்வம்’ என்பதைத் தேடி மாற்றினால் செல்வத்தை, செல்வத்துக்கு, செல்வத்திடம் எல்லாம் அப்படியே நிற்கும். சரி, ‘செல்வ’ என்று தேடலாம் என்றால் செல்வியும் செல்வாக்கும் சேர்ந்து மாட்டும். ‘அம்’மில் முடிகிற பெயரைப் பாத்திரத்துக்கு வைக்காமலே இருக்கலாம் என்றுகூடத் தோன்றிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு படிக்கக் கொடுங்கள். எனக்கு இரண்டு பேர், ஒருவர் இங்கே மும்பை சயானில் வளர்ந்தவர், இன்னொருவர் திருநெல்வேலியைத் தாண்டாதவர். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எங்கே பின்னால் புரட்டி ‘இது யார்’ என்று பார்த்தீர்கள் என்று கேளுங்கள். காரணத்தையோ தீர்வையோ அவர்கள் சொல்ல வேண்டியதில்லை, பக்க எண் போதும்.

பதிப்பகம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட வேண்டாம். தமிழில் எடிட்டிங் என்றால் 2020இல் மறைந்த க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணனைத்தான் இன்னும் உதாரணம் காட்டுகிறோம். பல இடங்களில் நடப்பது மெய்ப்பு பார்ப்பது மட்டுமே. அதனால் ஒற்றுப் பிழை, எழுத்துக்கூட்டல் எல்லாம் உங்கள் கடைசிச் சுற்று. ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். மொபைலா செல்போனா, இடப்பெயர் தாதரா தாதாரா என்று ஒன்றை முடிவுசெய்து ஒரு பக்கத்தில் எழுதி, கைப்பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள். அதிலேயே வசனத்தில் கைவைக்க வேண்டாம் என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆச்சியின் ‘வந்திருக்காவ’ அச்சில் ‘வந்திருக்கிறார்கள்’ என்று வந்து நிற்கும்.