பொறியியல் தொழினுட்பவியல் ஆசிரியராக வரலாமா? – கேள்வி பதில்

கிளிநொச்சி, தொழினுட்பப் பட்டதாரி: உயர்தர மாணவருக்குப் பொறியியல் தொழினுட்பவியல் கற்பிக்க விருப்பம். இப்போதைய வேலையை விடலாமா?

பதில்: உயர்தரத்தில் இத்துறை 2013இல் தொடங்கி, 2015இல் முதற் பரீட்சை நடந்தபோது, இதே பாடத்தைப் பள்ளியிற் படித்துவிட்டு வந்த ஆசிரியர் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது, உங்கள் தலைமுறைக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. எனினும், கட்டுமானம், இயந்திரம், மின், இலத்திரனியல், மோட்டார் வாகனம் என எல்லாவற்றையும் ஒரே ஆசிரியர் தொட வேண்டிய பாடம் இது. பட்டத்தில் ஒரு கிளையை மட்டும் ஆழப் படித்தவர் மற்றவற்றுக்கு மீண்டும் மாணவராக வேண்டும். வேலையை விடுமுன், தெரிந்த பிள்ளை ஒருவரிடம் விட்டம் அளக்கும் வேர்ணியர் இடுக்கியைக் கொடுத்துப் பாருங்கள். தாடைகளை இறுக்கி, பூச்சிய வழுவை (தாடைகள் மூடியிருக்கும்போதே கருவி காட்டும் பிழையை) பாராமல், ஒரே உருளைக்கு மூன்று விட்டங்களைச் சொல்லும் அப்பிள்ளை வழுவைத் தானே கண்டுபிடிக்கும்வரை உங்களாற் பொறுத்திருக்க முடிந்தால், வாருங்கள்.

வவுனியா: சம்பளம் போதுமா?

பதில்: தனியார் நிறுவனத்துப் பொறியியலாளர் பெறுவதைவிடக் குறைவு.

மட்டக்களப்பு: பட்டப்பின் கல்வி டிப்ளோமா இல்லாமல் விண்ணப்பிக்கலாமா?

பதில்: பட்டதாரிகள் நியமனம் பெற்ற பின் அதனை முடிப்பது வழக்கந்தான். ஆயினும் தகைமைகளை அந்தந்த வர்த்தமானி அறிவித்தலே தீர்மானிக்கும். அதை முழுமையாக வாசியுங்கள்.

திருகோணமலை: பொறியியற் பட்டதாரிகளே இதற்குப் பொருத்தமானவர்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் மட்டும் உள்ளவர் கோட்பாட்டில் திணறுவார்.

பதில்: கோட்பாட்டை ஒரு விடுமுறையில் இருந்து படித்துக்கொள்ளலாம், கைப்பழக்கத்தை அப்படிப் பெற முடியாது. கடைசல் இயந்திரத்தில் வேலைத்துண்டைப் பற்றிப்பிடிக்கும் சக்கில் சாவியைச் செருகியபடியே ஆளியைப் போடும் மாணவரை, ஆளியில் கை படுமுன்னரே கண்டுகொள்பவர் பட்டறையிற் பழகியவர்தான். சுழலும் பொறியருகே கையுறை அணியக் கூடாது என்பதையும் அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருகோணமலை (மீண்டும்): அப்படியானால் பட்டத்துக்கு மதிப்பே இல்லையா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை. வளையின் (சுமை தாங்கும் கிடைச்சட்டத்தின்) வளைவுத் திருப்பத்தை, அதாவது சுமை அதனை வளைக்க முனையும் அளவை, கணித்து, அந்த எண்ணுக்கும் வளை விரிசல் காணும் இடத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டப் பட்டப் படிப்பு உதவும். கரும்பலகையோடு நின்றுவிடும் பட்டதாரியைத்தான் நான் ஏற்பதில்லை. காரணம் கேட்கும் பிள்ளையை அதட்டி அமர்த்தும் தொழில்வினைஞரையும் அப்படியே.

மன்னார்: சம்பளம் எவ்வளவு?

பதில்: வவுனியா அன்பருக்குச் சொன்னதே. இனி இக்கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

யாழ்ப்பாணம்: தகவல் தொழினுட்பம் கற்பிக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: அது என் துறையன்று. அப்பாட ஆசிரியர் ஒருவரைக் கேளுங்கள்.

முல்லைத்தீவு: நியமனம் கிடைத்துவிட்டது. முதல் வாரம் எதைக் கற்பிக்கலாம்?

பதில்: கற்பிக்குமுன் பட்டறையிலுள்ள பாதுகாப்புக் கண்ணாடிகளை எண்ணுங்கள். சாணைக்கல்லருகே நிற்கும் எல்லோருக்கும் அவை போதாவிடின், போதிய கண்ணாடிகள் வரும்வரை, அதிபர் வற்புறுத்தினாலும், அதன் மின்னிணைப்பைத் துண்டித்து வையுங்கள்.