ரிட்டயர்மென்ட் குடியிருப்பில் பண்டிகை நாட்கள் உண்மையில் எப்படி இருக்கும்? அம்மாவை அங்கே குடிவைக்கலாமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். அம்மாவுக்கு 67, அப்பா இல்லை, கோவைப் பக்கம் ஒரு ரிட்டயர்மென்ட் குடியிருப்பைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அவர்கள் கொடுத்த கையேட்டில் 'வருஷம் முழுக்கக் கொண்டாட்டம்' என்று போட்டிருக்கிறது. தீபாவளிக்கு நீங்கள் வர முடியாமல் போனாலும் அம்மாவுக்கு அங்கே தனிமை தெரியாதா என்று கேட்கிறீர்கள். வெளிநாட்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வருஷமும் லீவு கிடைக்காது என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

அந்த மாதிரிக் கையேடு ஒன்றில் நானே இருக்கிறேன். பொங்கல் பானைக்குப் பின்னால் பச்சைப் புடவையில் கைதட்டிக்கொண்டு நிற்கிற அம்மா நான்தான். படம் எடுத்தது ஒரு ஆகஸ்ட் மாதம். பானையில் பொங்கி வழிந்தது சோப்பு நுரை. ஆகவே கையேட்டை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பெற்றவளை முதியோர் இல்லத்தில் தள்ளுகிறார்கள்' என்று இங்கே ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார். என்னை யாரும் தள்ளவில்லை. 2016-ல் திருச்சி வீட்டை விற்று, இந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டை என் பெயரில் கிரயம் செய்து, நானே சாமான் லாரியோடு வந்து இறங்கினேன். மகள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஓசூரில் அவள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை அந்த வீட்டில் ஒரு குரல் கிடையாது. நான் தொலைபேசி இலாகாவில் 39 வருஷம் வேலை பார்த்தவள். அதில் பாதி, வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில், காதில் ஹெட்செட்டோடு. சத்தமில்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

சரி, பண்டிகை. நான் வந்த வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு மேனேஜ்மென்ட் வெளியிலிருந்து ஈவென்ட் ஆட்களைக் கூட்டி வந்தது. கிளப் ஹவுஸில் பலூன், ஸ்பீக்கர், மைக்கோடு ஒரு பையன். "தாத்தாஸ், பாட்டீஸ், எல்லாரும் ஜோரா ஒரு தடவை கைதட்டுங்க!" என்றான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பொதுப்பணித் துறையில் பாலம் பாலமாகக் கட்டியவர். கைதட்டினார், பாவம். அப்புறம் மியூசிக்கல் சேர் என்றார்கள். இரண்டு முட்டியும் மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிற இடத்தில் மியூசிக்கல் சேர்! ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொழுக்கட்டையைச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டோம். அன்று ராத்திரிதான் தப்பு செய்துவிட்டோமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அடுத்து நவராத்திரி. ஐந்தாறு பெண்கள் மேனேஜரிடம் போய், கொலுவை நாங்களே வைத்துக்கொள்கிறோம், உங்கள் ஆட்கள் வேண்டாம் என்று சொன்னோம். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது. பொழுது போகாமல் கூடப் போனவள் நான்.

சொல்லிவிட்டோமே தவிர, படியில் ஏறிப் பொம்மை வைக்க ஒருத்திக்கும் முட்டி ஒத்துழைக்காது. டைனிங் ஹால் மேஜை, பெஞ்சு, பழைய டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் அடுக்கி, மேலே வெள்ளை வேட்டி விரித்து ஏழு படி கட்டியது சமையலறைப் பையன்கள். ஒடிசாக்காரர்கள். நாங்கள் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு பத்துப் பேர் பத்து விதமாக உத்தரவு போட்டோம். "தம்பி, மச்சம் முதல்ல, கூர்மம் அப்புறம்!" அவனுக்குத் தமிழே நாலு வார்த்தைதான். கூர்மத்தை மல்லாக்க வைத்தான். ஆனால் ஒரு பெட்டியைப் பிரித்தபோது மூன்று மர உருவங்கள் வந்தன, பெரிய வட்டக் கண்ணோடு. யாரோ புரி ஜகந்நாதர் கோயிலுக்குப் போனபோது வாங்கியது. பையன் அவற்றை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். யாரையும் கேட்காமல் மேல் படியில் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்தான். மேல் படி யாருடைய பொம்மைக்கு என்று அதுவரை அரை மணி நேரம் சண்டை போட்டவர்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சண்டை என்றேன் இல்லையா, அதையும் சொல்ல வேண்டும். இங்கே வருகிற பெண்கள் ஒரு முழு வீட்டைக் கலைத்துவிட்டு வருகிறார்கள். பீரோ, கட்டில், உரல் எல்லாம் போகும். கொலுப் பெட்டி மட்டும் போகாது. விளாச்சேரி பொம்மை, பண்ருட்டி பொம்மை, பாட்டி காலத்துக் காகிதக்கூழ்ச் செட்டியார் என்று அத்தனையையும் அடுக்க ஏழு படி என்ன, எழுபது படியும் போதாது. வீட்டுக்கு மூன்று பொம்மை என்று விதி போட்டோம். உடனே, மரப்பாச்சியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது கல்யாணத்தில் அம்மா கொடுத்தது என்றார்கள். மறுக்க முடியுமா? எண்ணிப் பார்த்தால் பதினொரு ஜோடி மரப்பாச்சி. எல்லாவற்றுக்கும் பட்டுத் துணி சுற்றி ஒரே வரிசையில் நிறுத்தினோம். இலவசத் திருமணத்துக்கு வந்த ஜோடிகள் மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னது சிலருக்குப் பிடிக்கவில்லை.

சுண்டலுக்குத் தனிச் சண்டை. கொண்டைக்கடலை என்றால் பல் செட்டுக்காரர்கள் முறைப்பார்கள். பாசிப்பருப்பு என்றால் 'ஆஸ்பத்திரிச் சாப்பாடா' என்பார்கள். உப்பு குறைவு, தேங்காய் குறைவு, காரம் ஜாஸ்தி. ஆனால் பாருங்கள், அந்தப் பத்து நாளும் ஒருவர்கூட மத்தியானம் தூங்கவில்லை.

இப்போது நான் சொல்லவந்த விஷயம். முதல் நாள் சாயங்காலம் ஆரத்தி முடிந்து, எல்லாவற்றையும் முன்னின்று செய்த அம்மா ஒருவர் தாம்பூலத் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமப் பொட்டலம், ரவிக்கைத் துணி. வரிசையாக நாற்காலிகள், நான் மூன்றாவது. முதல் இரண்டு பேருக்குக் கொடுத்தார். நான் கையை நீட்டிவிட்டேன். கொலு வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது, எல்லோருக்கும் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்து நன்றாகத்தான் சிரித்தார், "சௌக்கியமா இருக்கேளா" என்று கேட்டார், நான்காவது நாற்காலிக்குப் போய்விட்டார்.

நீட்டிய கையை என்ன செய்வது? முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி தோளுக்குக் கொண்டுபோனேன்.

அப்புறம் எண்ணினேன், பழைய வேலைப் புத்தி. பெண்கள் 34 பேர். தட்டு நின்றது ஒன்பது நாற்காலிகளில். மீதி 25 பேரும் சுண்டலுக்குக் காத்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் என்னைத் தவிர ஒருத்தியும் கையை நீட்டவில்லை.

'சம்பிரதாயத்தைக் குறை சொல்கிறாள்' என்று சிலர் வருவார்கள், 'இந்தக் காலத்திலுமா' என்று சிலர் வருவார்கள். இரண்டு பேருக்கும் சொல்கிறேன், அந்த அம்மா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். சாதி காரணமோ என்று அன்று யோசித்தேன். இல்லை, அவர்கள் சாதியிலேயே தாலி இல்லாத ஏழெட்டுப் பேரை அவர் தாண்டித்தான் போனார். ஊரில் ஒரு கொலுவுக்குப் பத்துப் பேர் வந்தால் எங்களைப் போல ஒருத்தி இருப்பாள், தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வாள், யாருக்கும் தெரியாது. இங்கே நாங்கள்தான் கூட்டம். அத்தனை பேருக்குத் தூண் எங்கே இருக்கிறது?

அடுத்த வருஷக் கூட்டத்தில் நான் எழுந்து, கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே பை கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம் என்றேன். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த ஒன்பது பேரிடமிருந்து இல்லை, எங்கள் வரிசையிலிருந்துதான். "எனக்கு வேண்டாம்மா, பழகிப் போச்சு. நீ ஏன் கிளப்பிவிடறே?" என்று ஒரு ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. கடைசியில் பாலம் கட்டியவர்தான் ஒரு வழி சொன்னார். தட்டை யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், வாசலில் ஒரு மேஜையில் வையுங்கள், போகும்போது வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் நாள் பதிமூன்று பை போனது. ஐந்தாம் நாள் இருபது. எண்பத்து நாலு வயது அம்மா ஒருவர், வாக்கரோடு வருவார், குங்குமப் பொட்டலத்தை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்காமலே "சாமி படத்துக்கு" என்றார். மறுநாளும் எடுத்தார், அதற்கு மறுநாளும். ஒரு சாமி படத்துக்கு ஒன்பது பொட்டலமா என்று நான் கேட்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் இன்றுவரை எடுக்கவில்லை. அதையும் யாரும் கேட்பதில்லை.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்றால், போய்ப் பார்க்கும்போது 'இங்கே என்னென்ன பண்டிகை உண்டு' என்று மேனேஜரிடம் கேட்காதீர்கள், எல்லாம் உண்டு என்பார். யார் நடத்துகிறார்கள் என்று குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். கைப்பிடி, வழுக்காத தரை, அவசர மணி பற்றியெல்லாம் மத்திய அரசு 2019-ல் ஓய்வு இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறையே போட்டிருக்கிறது, அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். சுண்டலுக்கு உப்பு யார் போடுவது என்று அதில் இருக்காது. உங்கள் அம்மா சண்டை போடக்கூடியவர் என்றால் நன்றாக இருப்பார். எல்லாவற்றுக்கும் 'உங்க இஷ்டம்' என்கிறவர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

சாப்பாடும் கேளுங்கள். எங்கள் டைனிங் ஹாலில் சைவம் மட்டும்தான். தீபாவளி காலையில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது லேசான விஷயம் இல்லை. அவரவர் வீட்டில் சமைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னல் டப்பென்று சாத்துகிற சத்தம் கேட்கும். நாங்கள் நாலு பேர் ஒரு கடைசி வீட்டில் கூடிச் செய்துகொள்கிறோம். காற்று மலைப் பக்கம் போகும்.

பொங்கல் நன்றாகவே இருக்கும். போகியன்று கொங்கு நாட்டுக்காரர்கள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வாசலுக்கு வாசல் காப்புக் கட்டுவார்கள். திருச்சிக்காரி நான், இங்கே வந்துதான் அதைப் பார்த்தேன். கார்த்திகைக்கு அகல் விளக்கு எண்ணெய் தரையில் சிந்தி ஒருவர் விழுந்ததிலிருந்து, காம்பவுண்டு சுவர் மேல் மணல் பரப்பி மட்டும்தான் விளக்கு. பேட்டரி விளக்கு வைக்கலாம் என்றார் மேனேஜர். அன்று அவருக்குக் கிடைத்த பேச்சு அவருக்கு மறக்காது.

தீபாவளிதான் கஷ்டம், மறைக்கவில்லை. பாதிப் பேர் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் மூன்றரைக்கே எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியத்தை விழுங்கிவிட்டு, மத்தாப்புப் பெட்டியோடு ஆறு மணி எப்போது ஆகும் என்று உட்கார்ந்திருப்போம். 2018-லிருந்து பட்டாசுக்குக் காலை ஆறிலிருந்து ஏழு வரைதானே நேரம். ஏழிலிருந்து ஒன்பது வரை போன், போன், போன். அமெரிக்கப் பிள்ளைகள் அதோடு தூங்கப் போய்விடுவார்கள். பதினொரு மணிக்கு டிவியில் பட்டிமன்றம் ஓடும், யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பதினொரு மணியைத் தாண்டுவதுதான் தீபாவளி. எல்லோரும் கூப்பிடுகிற ஏழு மணிக்கு நீங்களும் கூப்பிடாதீர்கள். எந்த ஊரில் இருந்தாலும் இந்தியப் பதினொரு மணிக்கு அலாரம் வையுங்கள்.

நாங்களே பிள்ளைகளிடம் போகலாமே என்று கேட்பீர்கள். ரயிலில் பெண்களுக்கு 58 வயதுக்கு மேல் பாதிக் கட்டணம், ஆண்களுக்கு 60-க்கு மேல் நாற்பது சதவீதம் சலுகை என்று இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போனது, சலுகை திரும்பி வரவில்லை. சொந்த வீடு வாங்கியவளுக்கு டிக்கெட் காசு பெரிதா என்று கேட்காதீர்கள். வீட்டை விற்ற பணம் வீடாகிவிட்டது, மாதா மாதம் வருவது பென்ஷன்தான். கோவையிலிருந்து ஓசூருக்கு நான் வருஷத்துக்கு நாலு தடவை போனவள், இப்போது இரண்டு தடவை. சரி, இதை இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்த 2020-ல் கொலு கிடையாது, ஹால் பூட்டு. ஒவ்வொருவரும் ஒரு பொம்மையை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்தோம். வாக்கர் அம்மாவின் ஜன்னலில் ஒரு கிருஷ்ணர் இருந்தார். அதற்கடுத்த வருஷம் அந்த அம்மா இல்லை. பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்தபோது டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் போனது. கொலுப் பெட்டியை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்படி எங்கள் ஸ்டோர் ரூமில் இப்போது ஆறு பெட்டி. வீட்டுக்கு மூன்று என்கிற கணக்கில் அவை வராது, அதனால் அவற்றுக்கென்றே இரண்டு படி கூட்டி ஒன்பதாக்கிவிட்டோம்.

அம்மாவைக் கூட்டிவந்து காட்டுவதாக இருந்தால் நவராத்திரி சமயத்தில் பாருங்கள். எங்கள் இடத்துக்கே வருவதானாலும் சரி. கொலுப் பெட்டி இருந்தால் கொண்டு வரட்டும், மூன்று பொம்மைக்கு நான் பொறுப்பு. மரப்பாச்சி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ஏற்கெனவே பதினாலு ஜோடி இருக்கிறது.