மறைவாகப் பேசுதல், மறுக்கும்படி பேசுதல்: கேள்வி பதில்

மாலதி: பெயர் வெளிப்படாமலும், பேசியது பின்னாளில் நிரூபணம் ஆகாமலும் இருக்க எந்தச் செயலி நல்லது?

பதில்: இவை இரு வேறு தேவைகள். மின்மடலை மறையாக்கும் பி.ஜி.பி. முறையில் நீங்கள் இடும் மின்னணுக் கையொப்பத்தை எவரும் சரிபார்க்கலாம் என்பதால், பெற்றவரே அதை உங்களுக்கு எதிரான சான்றாக நீட்ட முடியும். இதற்கு மாற்றாகவே போரிசோவ், கோல்ட்பர்க், புரூவர் ஆகியோர் 2004இல் ஓ.டி.ஆர். என்ற உரையாடல் நெறிமுறையை வகுத்தார்கள். அதில் செய்தியின் மெய்மையைக் காட்டும் சாவி இருவருக்கும் பொதுவானது. தாம் எழுதாததால் அது உங்களுடையதே என்று நண்பருக்குத் தெரியும், மூன்றாமவருக்கோ நண்பரே புனைந்திருக்கலாம் என்ற ஐயம் நீங்காது. சிக்னல் செயலியும் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் பெயர் வெளிப்படாமை என்று பார்த்தால், அதில் சேரத் தொலைபேசி எண் வேண்டும். 2024இல் வந்த பயனர்பெயர், அந்த எண்ணை உரையாடுபவரிடமிருந்து மறைக்குமேயன்றிச் சிக்னலிடமிருந்து மறைக்காது. எண்ணே கூடாது என்றால், இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக இயங்கும் பிரையர் செயலி உண்டு. 2023 மே மாதம் இந்திய அரசு முடக்கிய 14 செயலிகளுள் அதுவும் ஒன்று. எதுவானாலும், எதிர்முனையில் இருப்பவரிடமிருந்து எந்தச் செயலியும் உங்களைக் காக்காது.

ரஃபீக்: விபிஎன் போதாதா?

பதில்: போதாது. விபிஎன் உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொருவரின் வழங்கி வழியாகத் திருப்பிவிடும் சேவை. இணைய நிறுவனம் அறிந்திருந்ததை இனி விபிஎன் நடத்துபவர் அறிவார், அவ்வளவே.

ஜெயந்தி: டெலிகிராம்?

பதில்: எழுதும் செய்திகளைப் பொறுத்தவரை, இருவருக்கிடையே தனியாகத் தொடங்கும் ரகசிய உரையாடலில் மட்டுமே முனைக்கு முனை மறையாக்கம் (பேசும் இருவரைத் தவிர நிறுவனமும் வாசிக்க முடியாத ஏற்பாடு) உண்டு, குழுச் செய்திகளில் இல்லை.

சேகர்: நான் வழக்கறிஞர். நீதிபதி ஸ்கிரீன்ஷாட்டையும் சாட்சியையும் பார்ப்பாரேயன்றி உங்கள் கணிதத்தைப் பார்க்கமாட்டார். பிறகு மறுக்க முடிகிற இந்த ஏற்பாட்டால் என்ன பயன்?

பதில்: எதிர்முனையைப் பற்றி நான் எச்சரித்ததும் அதனால்தான். ஆயினும் வழக்கு மட்டுமே ஆபத்தன்று. ஹிலாரி கிளின்டனின் தேர்தல் குழுத் தலைவர் ஜான் போடெஸ்டாவிடமிருந்து திருடப்பட்ட மின்மடல்களை 2016இல் விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது, அவற்றுள் பலவற்றை, அஞ்சல் வழங்கிகள் தாமாகவே இட்ட டி.கே.ஐ.எம். கையொப்பங்களைக் கொண்டே வெளியார் மெய்யென உறுதிசெய்தார்கள். திருடியவரை எவரும் நம்பவேண்டிய தேவையே எழவில்லை.

சேகர்: போடெஸ்டா மறுத்திருந்தாலும் மக்கள் அந்த மின்மடல்களை நம்பியிருப்பார்கள்.

பதில்: நம்பியிருக்கலாம். அப்போதும் திருடரின் சொல்லுக்கு எதிராக அவருடைய சொல் நின்றிருக்கும். கையொப்பம் அந்த வாய்ப்பையும் பறித்துவிட்டது.

கண்ணன்: நல்ல இலவச விபிஎன் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: ரஃபீக்குக்கு எழுதியதை வாசியுங்கள்.

தேவி: வட்டை மறையாக்கும் வெராகிரிப்ட் மென்பொருளில் மறைபகுதி வைத்திருந்தால், கடவுச்சொல்லைக் கேட்டு வற்புறுத்தும்போது தப்பலாமா?

பதில்: மறையாக்கிய ஒரு பகுதிக்குள் இன்னொன்றை ஒளித்துவைத்து, வெளிப்பகுதியின் கடவுச்சொல்லை மட்டும் தரும் ஏற்பாடு அது. எஸ்.எஸ்.டி. வட்டில் பழைய தரவின் எச்சங்கள் தங்கி மறைபகுதியைக் காட்டிக்கொடுக்கக்கூடும். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, மறையை நீக்க உதவ மறுப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. அதைப் பற்றிச் சேகரிடம் கேளுங்கள்.